வாடகை வீடும் வாயில்லா ஜீவன்களும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பிராணிகளோடு சேர்ந்தே வாழ்ந்தவை. பின்புறத்தில் கோழிக்கூடு, சற்றுத் தள்ளி மாட்டுக்கொட்டகை, வாசலில் காவலுக்கு ஒரு நாய் என்பது நாம் அனைவரும் அறிந்த காட்சி. வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பட்டணத்திற்குக் குடிபெயரும்போது, இந்த ஜீவன்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழுகின்றது. அதனை முன்கூட்டியே சிந்திக்காத காரணத்தால், சாமான்களை இறக்கிய பிறகு வீட்டுக்காரரோடு பிணக்கும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலும், இறுதியில் வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிடும் பரிதாபமும் நேர்கின்றன. ஆகவே, இது குறித்துச் சில விவரங்களை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவதாக, வாடகைக்கு வீடு எடுப்பது ஓர் ஒப்பந்தமாகும். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதற்குப் பொருந்தும். பிராணிகள் வளர்க்கக் கூடாது என்று எழுதப்பட்ட பத்திரத்தில் நாம் கையொப்பமிட்டுவிட்டால், அச்சொல் நம்மைக் கட்டுப்படுத்தும். எதுவும் எழுதப்படவில்லையெனில் அனுமதி உண்டு என்று எண்ணிக்கொள்வதும் அறிவுடைமை ஆகாது. எந்தப் பிராணி, எத்தனை, அதனால் சேதம் ஏற்பட்டால் வைப்புத்தொகையிலிருந்து எதனைக் கழிக்கலாம் என்பனவற்றைக் கையொப்பமிடுவதற்கு முன்பே பேசி, பத்திரத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் நாளடைவில் மறக்கப்படும். எழுத்து நிலைத்து நிற்கும்.

இரண்டாவதாக, அடுக்குமாடி வீட்டிற்குச் செல்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு நின்றுவிடலாகாது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வகுக்கப்பட்ட விதிகள் அங்கு நடைமுறையில் உள்ளன. அவை வீட்டின் சொந்தக்காரரை மட்டுமன்றி வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும். எல்லாப் பிராணிகளுக்கும் அவை தடை விதிக்கவில்லை. அண்டை அயலாருக்குத் தொல்லை தருவதும், அவர்களின் பாதுகாப்புக்கோ சுகாதாரத்திற்கோ ஆபத்தானதும், ஊராட்சி மன்ற விதிகளுக்கு முரணானதுமான பிராணியை வைத்திருக்கக் கூடாது என்றே கூறுகின்றன. விதி மீறப்பட்டால், எழுத்து மூலமான அறிவிப்புக் கிடைத்த 3 நாட்களுக்குள் பிராணியை அகற்ற வேண்டும். தவறினால் நிர்வாகமே அகற்றி, அதற்கான செலவைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கும். வீட்டுக்காரர்கள் பிராணி என்றதும் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாம் உணர வேண்டும். மேலும், குடியிருப்பின் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, வளர்ப்புப் பிராணிகள் பற்றிக் கூடுதல் விதிகளையும் செய்துகொள்ள இடமுண்டு. ஆகவே, நிர்வாக அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுப்பது நலம். நாய்க்கு உரிமம் எடுக்கவும் மறக்கலாகாது.

இவ்விடத்தில் குடியிருப்போரின் உரிமை ஒன்றையும் கூற வேண்டும். பிராணியினால் தகராறு மூண்டது என்பதற்காக வீட்டுக்காரர் பூட்டை மாற்றி, சாமான்களை வெளியே எறிந்துவிட முடியாது. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு அவசியம்.

மூன்றாவதாக, பல இனத்தவர் கூடி வாழும் நாடு நம்முடையது. நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை மண்ணும் நீரும் கொண்டு ஏழு முறை கழுவித் தூய்மை செய்வது இஸ்லாமியரின் மார்க்க நெறி. வீட்டுக்காரரோ அண்டை வீட்டாரோ முஸ்லிம்களாயின், மறுப்பு வெறுப்பினால் எழுவதன்று, அது நெறியின்பாற்பட்டது. மறைத்து வளர்ப்பதைவிட, வேறு வீடு தேடுவதே நட்பைக் காக்கும் வழி.

ஆயினும், கண் பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்பட்ட நாயைச் செல்லப் பிராணியாகக் கருதலாகாது. அது அவருக்குக் கைத்தடி போன்றது. அமெரிக்காவின் வீட்டு வசதிச் சட்டம் 1988இல் திருத்தப்பட்ட பின்னர், அங்குள்ள வீட்டுக்காரர்கள் செல்லப் பிராணிகளுக்கான தடையைக் காட்டி இத்தகைய நாயை மறுக்கவோ, அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்கவோ இயலாது. நமது 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைக் கூறுகின்றது; வாடகை வீட்டில் வழிகாட்டி நாயைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே, இங்கு வீட்டுக்காரரின் மனமே வழிவிட வேண்டியுள்ளது. நாயின் பயிற்சிச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் காட்டி விளக்கினால் பல ஐயங்கள் அகலும். வீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்களும் இத்தகையோருக்குக் கதவடைக்காதிருப்பது அறமாகும்.

இறுதியாக, உடன் அழைத்துச் செல்ல இயலாத பிராணிகள். ஆடு, மாடு, கோழிகளை அடுக்குமாடியில் வைக்க இயலாது. புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே விற்றுவிடுவதோ, தோட்டத்தில் தங்குவோரிடம் ஒப்படைப்பதோ சிறந்தது. நாயையும் பூனையையும் காலியான லயத்தில் பட்டினியாக விட்டுச் செல்வது பெரும் பாவம். உணவும் உறைவிடமும் அளித்து, நோயிலிருந்தும் துன்பத்திலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் விதிக்கின்றது. கொடுமை இழைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கேட்பாரற்றுத் திரியும் நாய்களால் மனிதருக்கும் ஆபத்துண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை நாம் மறந்துவிடலாகாது.

அன்பர்களே! வீடு மாறுவதற்குப் பெட்டி படுக்கைகளைக் கட்டும் முன், நம்மை நம்பியிருக்கும் ஜீவனுக்கும் ஓர் இடம் தேடுவோம். கேட்டுத் தெளிந்து, எழுதிக் கையொப்பமிட்டு, அண்டை அயலாரோடு இணங்கி வாழ்வோம்.