பாம்பன் பாலத்தை ஏன் மாற்றினார்கள்?

(புதுச்சேரியில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடலின் மேல் அமைந்த, செங்குத்தாக உயரும் இந்தியாவின் முதல் தூக்குப் பாலம் என்ற வரி பொது அறிவு வினா விடைகளில் இடம்பிடித்துவிட்டது. நம் மாணவர்களும் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு மாணவர் எழுந்து, "சார், பழைய பாலம் விழவில்லையே, ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இன்று அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். பொது அறிவு வரியைவிட அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது.

பழைய பாலத்தின் கதை

பழைய பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 145 கண்கள். அவை போக, கப்பல் செல்வதற்கென நடுவே திறந்து மூடும் ஒரு பகுதி. சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளரின் முறையில் அமைந்ததால் அதற்கு ஷெர்சர் தூக்குப் பாலம் என்று பெயர். இரண்டு கதவுகள் மேல்நோக்கித் திறப்பதுபோல இரு பக்கமும் உயரும். தொழிலாளர்கள் இருபுறமும் நின்று கைகளால் நெம்புகோலைச் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயிலில் கொழும்பு என்று சென்ற போட் மெயில் பயணம் இந்தப் பாலத்தால்தான் முடிந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது ஒரு திருத்தம் தேவை. ரயில் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகே கடல் அலை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே புயலில் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்திரங்கள் போய்விட்டன. ஆனால் நடுவிலிருந்த ஷெர்சர் பகுதி நின்றது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் சீரமைப்புப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் மீண்டும் ரயிலை ஓடவைத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே.

அந்தப் புயலுக்குப் பிறகு பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறும், ரயில் நிற்கும். ஓட்டுநரின் துணிச்சலுக்கு அங்கே வேலை இல்லை. அளவு சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

விழுவதற்கு முன்பே நிறுத்தியது

மீட்டர் பாதைக்காகக் கட்டிய பாலம் அது. 2007இல் பலப்படுத்தப்பட்டு அகலப் பாதையானது. கனமான பெட்டிகள், உப்புக்காற்று, நூறு ஆண்டு வயது என எல்லாம் சேர்ந்தன. ரயில்கள் நடையைவிடச் சற்று வேகமாக ஊர்ந்துதான் அதைக் கடந்தன. பாலத்தின் அதிர்வைக் கண்காணிக்க உணரிகள் பொருத்தப்பட்டன. அவை எச்சரிக்கை காட்டியதும், 2022 டிசம்பர் 23 முதல் பயணிகள் ரயில்கள் பாலத்தின் மேல் செல்வது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்கு முன் புயல் அடித்த அதே நாட்கள்.

எளிய முடிவா அது? ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. யாத்திரிகர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் வழியே பேருந்தில் போனார்கள். ஆட்டோ ஓட்டுபவர், விடுதி நடத்துபவர், தீர்த்தமாட வந்த முதியவர் எல்லோருக்கும் சிரமம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சிரமம் நீடித்தது. "நேற்று வரை ஓடியதே" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். நேற்று வரை ஓடியது என்பது இன்றைக்குப் பாதுகாப்பு என்பதற்குச் சான்று அல்ல. இந்த ஒரு வரியை நம் மாணவர்கள் உணர்ந்துவிட்டால், பாம்பன் பாடம் நடந்துவிட்டது என்று நான் சொல்வேன்.

கடலோரக் கிராமத்தில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஓர் ஊஞ்சல் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆண்டுதோறும் வண்ணம் பூசினார்கள். ஒன்பதாம் வகுப்பில் திருகு அளவி பாடம் நடத்தியபோது, பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தச் சங்கிலியை அளக்கச் சொன்னேன். வண்ணத்தைச் சுரண்டி அளந்தார்கள். கொக்கி மாட்டும் இடத்திலிருந்த வளையம் மற்ற வளையங்களில் பாதித் தடிமன்கூட இல்லை. ஒரு மாணவி அளவுகளை அட்டவணையாக எழுதித் தலைமையாசிரியை அம்மாவிடம் கொடுத்தாள். அன்று மாலையே ஊஞ்சலைக் கழற்றிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அழுதார்கள். புதுச் சங்கிலி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அந்த மாணவியைச் சின்னப் பிள்ளைகள் கோபமாகவே பார்த்தார்கள். அளந்து சொல்பவருக்கு எப்போதும் பாராட்டு கிடைக்காது என்பதையும் அவள் அப்போதே கற்றுக்கொண்டாள்.

வகுப்பறைக்கு என்ன எடுத்துச் செல்லலாம்?

முதலில் வேதியியல். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும். உப்பு அந்த வினையை விரைவாக்குகிறது. நான்கு சோதனைக் குழாய்கள், நான்கு ஆணிகள் போதும். ஒன்றில் உலர்ந்த காற்று, ஒன்றில் கொதிக்கவைத்து எண்ணெய் ஊற்றிய நீர், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் கடல் நீர். நம் ஊரில் கடல் நீருக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். புதிய பாலத்தில் ஏன் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தினார்கள் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அடுத்து இயற்பியல். புதிய பாலத்தில் மேலே உயரும் பகுதி 72.5 மீட்டர் நீளம், 660 டன் எடை. கப்பல் வரும்போது 17 மீட்டர் உயர்கிறது. மேல்வகுப்பு மாணவர்கள் கணக்கிடட்டும்: 660 டன்னை 17 மீட்டர் தூக்க ஏறக்குறைய 11 கோடி ஜூல் ஆற்றல். ஐந்து நிமிடத்தில் தூக்குவதாக வைத்துக்கொண்டால் சுமார் 367 கிலோவாட் திறன் தேவை. அவ்வளவு பெரிய மோட்டாரா இருக்கிறது? இல்லை. இருபுறக் கோபுரங்களிலும் ஏறத்தாழ அதே அளவு எதிரெடை தொங்குகிறது. பாலம் ஏறும்போது எதிரெடை இறங்குகிறது. மோட்டார் உராய்வை வென்றால் போதும். ஒரு கப்பி, ஒரு கயிறு, மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்தால் ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் ஒரு விரலால் இதைச் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, சமூக அறிவியல். இதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். புதிய பாலத்தை 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்தார். ரயில் ஓட்ட அனுமதி அளித்தார். அதே நேரம், திட்டமிட்ட முறையிலும் வடிவமைப்பிலும் குறைகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை எழுதினார். வேகத்துக்கும் வரம்பு வைத்தார்: பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50. அதன்பின் ரயில்வே அந்தக் குறைகளை ஆராயக் குழு அமைத்தது. இதில் மாணவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பாலத்தைக் கட்டியது ரயில்வே அமைச்சகத்தின் நிறுவனம். ஆனால் பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் வரமாட்டார். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருகிறார். கட்டுபவரே சரிபார்ப்பவராக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. குடிமையியல் நூலில் அதிகாரப் பகிர்வு என்று ஒரு பக்கம் படிப்பதைவிட இந்த எடுத்துக்காட்டு மனத்தில் நிற்கும். புதியது என்பதாலேயே ஒன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதும் புரியும்.

நம் கடற்கரையில்

பாம்பனுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக எல்லாப் பள்ளிகளாலும் இயலாது. தேவையும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1866இல் கட்டிய இரும்புத் துறைமுகப் பாலம் 1952 புயலில் அழிந்தது. அதன் கால்கள் இன்றும் நம் கடற்கரையில் அலைக்கு மேலே தெரிகின்றன. அதற்குப் பதிலாகக் கட்டி 1962இல் பயன்பாட்டுக்கு வந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. உப்பும் அலையும் இரும்பையும் கான்கிரீட்டையும் என்ன செய்யும் என்பதற்குக் கண்ணெதிரே உள்ள கரும்பலகை அது. ஒரு காலை வேளையில் குறிப்பேட்டோடு அழைத்துச் செல்லுங்கள்.

திரும்பி வந்ததும் பள்ளிக்குள் ஒரு வேலை கொடுங்கள். கைப்பிடிக் கம்பி, சன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், கொடிக்கம்பத்தின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பிள்ளைகள் தொலைவில் நின்று பார்த்து, தொடக்கூடியவற்றை உங்கள் முன்னிலையில் அளந்து, தேதியிட்டு எழுதட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதட்டும். அந்தக் குறிப்பேடு தலைமையாசிரியர் மேசைக்குப் போக வேண்டும். போனால் மட்டும் போதாது, அதைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்க வேண்டும். அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அளந்து சொன்னதை நாம் கேட்காமல் விட்டால், அளவியல் பாடத்தைவிட மோசமான வேறொரு பாடத்தை அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.