ஓரத்து நட்சத்திரம் ஏன் உப்புகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். என் வேலையைப் பற்றிப் பேசினால் நீங்கள் பந்திக்கு எழுந்துவிடுவீர்கள். அதனால் ராத்திரியில் நான் செய்கிற காரியத்தைச் சொல்கிறேன்: தொலைநோக்கியில் கேமராவை மாட்டி வானத்தைப் படம் எடுப்பது.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் திகைப்பது ஒரு விஷயத்தில்தான். படத்தின் நடுவில் நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி இருக்கும். நாலு மூலையிலும் பொரி மாதிரி உப்பியிருக்கும். மூலையைச் சரிசெய்தால் நடு கெட்டுவிடும். "லென்ஸ் மட்டம்" என்று சொல்லி மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

பாவம், லென்ஸ்! அது உண்டாக்கும் பிம்பம் ஒரு கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்த பரப்பில் விழுகிறது. கேமராவின் சென்சாரோ நம்ம ஆத்தங்குடிக் கல் போலத் தட்டை. கிண்ணமும் தட்டையும் எல்லா இடத்திலும் ஒட்டுமா? இதைத்தான் புல வளைவு என்கிறோம்.

பொறியாளர்கள் கூடிய சபை. ஒரு கணக்குப் போடலாம். விட்டம் 80 மி.மீ., குவியத் தூரம் 480 மி.மீ. உள்ள சாதாரண இரட்டை லென்ஸ் தொலைநோக்கி. வளைவின் ஆரம் குவியத் தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 160 மி.மீ. நடுத்தர சென்சாரில் மூலை, நடுவிலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கும். 14-ஐ வர்க்கமாக்கி 320-ஆல் வகுங்கள்: 0.6 மி.மீ. மூலையில் ஃபோகஸ் அவ்வளவு விலகுகிறது. குவிய விகிதம் 6 என்பதால் புள்ளி 0.1 மி.மீ. வட்டமாகப் பரவும். 4 மைக்ரான் பிக்சலுக்கு அது 25 பிக்சல்!

வைத்தியம் மூன்று. முதலாவது, காசில்லாதது: நடு நட்சத்திரத்தை விட்டுவிட்டு, 10 மி.மீ. தள்ளியுள்ள நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். நடுவும் மூலையும் ஆளுக்குப் பாதியாகப் பிழையைச் சுமக்கும். இரண்டாவது, சின்ன சென்சார்: தூரம் பாதியானால் விலகல் கால்வாசி. மூன்றாவது, ஃபீல்ட் ஃபிளாட்னர் என்ற திருத்தும் லென்ஸ். அதற்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும். பெரும்பாலும் 55 மி.மீ. நடுவே ஃபில்டர் போட்டால் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: நாலு மூலையும் ஒன்றுபோலக் கெட்டால் வளைவு, ஒரு பக்கம் மட்டும் கெட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது. அதற்கு ஃபிளாட்னர் மருந்தாகாது.

பெரியவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1930-ல் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் அமைத்த அகலப் பார்வைத் தொலைநோக்கியில் வளைவின் ஆரம் குவியத் தூரத்துக்கே சமம். ஆகவே ஃபிலிமையே வளைத்துப் பொருத்தினார்கள்! அந்த வகையைச் சேர்ந்த 45 செ.மீ. தொலைநோக்கி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இருந்தது. அதைக்கொண்டு 1988-ல் ஆர். ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். புதிய சிறுகோள் படத்தின் நடுவில்தான் வந்து நிற்கும் என்று யார் சொன்னது? மூலையில் உப்பிய புள்ளியின் ஒளி பரந்து மங்கிவிடும்; மங்கலான பொருள் அங்கே வந்தால் தெரியாமலே போகும். ஓரம் தெளிவாக இருப்பது அழகுக்காக மட்டுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளுக்குச் சங்கம் ஒரு தொலைநோக்கி வாங்கித் தந்தால் நல்லது. அப்படி வாங்கும்போது விட்டத்தைக் குறைத்தாவது ஃபிளாட்னரையும் தாங்கியையும் சேர்த்து வாங்குங்கள். பெரிய குழாயை மட்டும் வாங்கினால் முதல் மாசம் கூட்டம் கூடும், அப்புறம் அது அலமாரிக்குள் போய்விடும். செட்டிநாட்டு வீட்டில் கதவு மட்டும் பெரிசாக இருந்து, உள்ளே முற்றம் இல்லை என்றால் யாருக்கு லாபம்?

 பந்திக்குப் போகலாம்.