பின்பாரம்

ஆண்டின் பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு - முதல் ஆண்டு
நற்செய்தி: மத்தேயு 11:25-30
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருக்கும் எல்லாரையும் ஆண்டவர் இன்று தம்மிடம் அழைக்கிறார். இளைப்பாறுதல் தருவதாக வாக்களிக்கிறார். ஆனால் அதே மூச்சில் தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளுமாறும் சொல்கிறார். நமக்கு இது விளங்குவதில்லை. களைத்துப்போய் வந்தவனுக்கு ஒரு பாயைப் போட்டுக் கொடுப்பார்களா, கழுத்தில் நுகத்தடியை வைப்பார்களா? இந்தக் கேள்விக்கு எங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது எந்த நூலிலும் அல்ல, ஒரு கார் ஷெட்டில். அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சில ஆண்டுகள் எங்கள் சபைக் குருக்கள் இருவர் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறு பங்கில் பணியாற்றினோம். அந்தப் பங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு நெடுநாள் ஆசை ஒன்று: தம் கையாலேயே ஒரு ட்ரெய்லர் செய்து, காருக்குப் பின்னால் பூட்டி, மனைவியோடும் பேத்தியோடும் காடு மலைகளுக்குப் போய்த் தங்கிவர வேண்டும். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உதவிக்கு ஆள் தேடினார். பங்கிலிருந்து நான்கைந்து பேர் போனார்கள். ஆணி பிடிக்கவாவது உதவுவோம் என்று நாங்கள் இருவரும் போனோம்.

அந்த நாட்டில் இதை டியர்ட்ராப் ட்ரெய்லர் என்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நீர்த்துளி போல இருக்கும். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும். 1930களிலேயே அங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சாதாரணக் குடும்பங்கள் பல இதை வீட்டிலேயே செய்துகொண்டன. 1947ஆம் ஆண்டில் பாப்புலர் மெக்கானிக்ஸ் என்ற இதழ் இதற்கான வரைபடத்தையே வெளியிட்டது. கடையில் கிடைக்கும் ப்ளைவுட் பலகை 4 அடி அகலம், 8 அடி நீளம். பெரும்பாலும் வண்டியின் அளவும் அதுவே. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் அங்கே சமையலறை. சமைப்பவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும்.

வேலை எளிது என்று நினைத்துப் போனோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பாடமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கி, ஒரே நேரத்தில் அறுக்க வேண்டும். தனித்தனியாக அறுத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கூரைக்குப் போடும் மெல்லிய பலகையை வெந்நீரில் நனைத்துப் பொறுமையாக வளைக்க வேண்டும், அவசரப்பட்டால் முறிந்துவிடும். ப்ளைவுட் தன் விளிம்பு வழியாகத்தான் தண்ணீரைக் குடிக்கும். எனவே வெளியே தெரியாமல் மறையப்போகும் விளிம்புகளுக்குத்தான் முதலில் பூச்சுப் பூச வேண்டும். இருவர் மூடிய அறையில் இரவெல்லாம் விடும் மூச்சே சுவரில் நீராய் வழியும் என்பதால் காற்றுப்போக்குக்கு வழி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்த நாளில் தோட்டத்துக் குழாயைத் திருப்பித் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். பின்கதவின் கீல் ஓரமாக ஒழுகியது. மறுபடியும் பிரித்தோம்.

இடையிடையே காபி குடிக்க உட்காரும்போது அந்தப் பெரியவர் பேசுவார். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு ஒரே இடத்தில் போய் நிற்கும்: அவருடைய தம்பி. தகப்பனாரின் வீட்டை விற்ற பணத்தில் தம்பி கூடுதலாக எடுத்துக்கொண்டாராம். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகள்! தம்பி இருப்பது வெகுதூரத்தில் அல்ல, காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் நாங்கள் இல்லை. உண்மையைச் சொன்னால், திருப்பலி நேரங்களை மாற்றியதைப் பற்றி எங்கள் இருவருக்குள்ளும் ஒரு மனத்தாங்கல் மூன்று மாதமாக இருந்தது. ஒரே மேசையில் உண்டோம், உப்பு கேட்பதற்குமேல் பேசவில்லை.

கோடை வந்தது. வண்டியை ஆசீர்வதித்து அனுப்பி வைத்தோம். மனைவியும் பேத்தியும் காரில் ஏறிக்கொண்டார்கள். முன்னிரவில் தொலைபேசி மணி அடித்தது. பெரியவரின் குரல் நடுங்கியது.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையில் ஒரு மலைச்சரிவில் இறங்கும்போது ஒரு பெரிய லாரி அவரை முந்திச் சென்றது. அந்தக் காற்று பட்டதும் ட்ரெய்லர் லேசாக இடப்பக்கம் ஆடியது, பிறகு வலப்பக்கம், ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக. சற்று நேரத்தில் பின்னால் வரும் வண்டி, முன்னால் போகும் காரையே பிடித்து உலுக்கியது. பேத்தி அலறினாள். இத்தனை ஆண்டு பேருந்து ஓட்டிய அனுபவம் அவரைக் காப்பாற்றியது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி மல்லுக்கட்டவும் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, நேராகப் பிடித்தபடி இருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தியபின் மூவரும் வெகுநேரம் காரைவிட்டு இறங்கவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை வண்டி மீண்டும் ஷெட்டுக்கு வந்தது. எங்களில் ஒருவர் சொன்னார்: "பாரம் அதிகம்போல. பாதியை இறக்கிவிடுங்கள்." ஆனால் அங்கிருந்த ஒரு மெக்கானிக் தலையசைத்து மறுத்தார். காரோடு பூட்டுவதற்காக ட்ரெய்லரின் முன்னால் ஓர் இரும்புத் தண்டு நீண்டிருக்கும். அதன் நுனியை, நாம் உடல் எடை பார்க்கும் தராசின்மேல் ஒரு கட்டையை வைத்து, அதில் நிறுத்தினார். சாமான்களோடு வண்டியின் மொத்த எடை சுமார் 500 கிலோ. நுனியில் இறங்கிய எடை 20 கிலோதான். "மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு இந்த நுனியில் இறங்க வேண்டும். 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. உங்கள் வண்டியில் பாரம் அதிகமில்லை, பாரமெல்லாம் பின்னால் இருக்கிறது" என்றார்.

பார்த்தோம். உண்மைதான். சமையலறை பின்னால் என்பதால் ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், பேட்டரி, இரும்புச் சட்டிகள் எல்லாமே அச்சுக்குப் பின்னால் ஏறியிருந்தன.

அப்போது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் அதுதான் முதல்முறை. எங்கள் இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது: பின்பாரம்! கிராமத்தில் வளர்ந்த நம்மில் யாருக்கு இது தெரியாது? இரட்டை மாட்டு வண்டியில் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டால் ஏர்க்கால் மேலே எழும்பும். நுகத்தடி மாட்டின் தோளைவிட்டுத் தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு இழுக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவிக்கும். உடனே வண்டிக்காரர் என்ன செய்வார்? மூட்டையைத் தெருவில் வீசிவிட்டுப் போவாரா? இரண்டு மூட்டையை முன்னால் தள்ளி வைப்பார். தாமும் சற்று முன்னே நகர்ந்து உட்காருவார். முன்பாரம் மிஞ்சினாலும் ஆபத்துதான், மாட்டின் கழுத்து தாங்காது. அளவறிந்து வைப்பதுதான் வண்டிக்காரரின் அறிவு. கடலுக்கு அப்பால், இரும்பும் அலுமினியமும் கொண்டு செய்த வண்டிக்கும் அதே விதி!

அன்று மாலைக்குள் முன்புறத் தண்டின்மேல் ஒரு பெட்டி செய்து பொருத்தினோம். தண்ணீர் கேனும் பேட்டரியும் அதற்குள் போயின. மறுபடி நிறுத்துப் பார்த்தோம். நுனியில் 65 கிலோ. வண்டியின் மொத்த எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் அந்தப் பெட்டியின் எடையும் சேர்ந்திருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்க ஓட்டிப்போனபோது வண்டி காருக்குப் பின்னால் அசையாமல், நல்ல பிள்ளையாக வந்தது.

அன்பார்ந்தவர்களே, ஆண்டவரின் வாக்கு எங்களுக்கு விளங்கிய இடம் இது. சுமையே இல்லாத வாழ்வை அவர் நமக்கு வாக்களிக்கவில்லை. நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அந்தச் சுமை நாளையும் இருக்கும். கடன்பட்ட குடும்பத்துக்குத் தவணை அடுத்த மாதமும் வரும். அவர் கேட்பது, அந்தச் சுமையை எங்கே வைத்திருக்கிறாய் என்பதுதான். இழுக்கிறவருக்கு அருகில் வைத்திருக்கிறாயா, அல்லது அவரிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வைத்திருக்கிறாயா?

நம் பழைய மனக்காயங்களை நாம் அப்படித்தான் வைக்கிறோம். செபத்தில் எல்லாவற்றையும் பேசுவோம். அதை மட்டும் பேச மாட்டோம். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்வோம். அதன் அருகே போக மாட்டோம். சமதரையில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு சரிவு வரும். பக்கத்தில் ஒரு லாரி கடந்து போகும். ஒரு கல்யாணத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், ஒரு சாவு வீட்டில் யாரோ திருப்பிக்கொண்ட முகம், அவ்வளவுதான். பின்னால் இருந்தது முன்னால் இருப்பவர்களை உலுக்கத் தொடங்கிவிடும். காரில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் பேத்தியும் அந்தச் சண்டையில் பங்கே இல்லாதவர்கள். ஆனாலும் அலறுவது அவர்கள்தான்.

அந்தப் பெரியவர் அன்று தராசையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஃபாதர், பதினான்கு வருடமாக நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரமே தம்பிக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் வரவில்லை. பனிக்காலம் தொடங்கியபின் ஒருநாள் தம்பியே தொலைபேசியில் அழைத்தார். வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பேசிக்கொள்கிறார்கள். சுமை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நாங்கள் இருவரும் அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேயே திருப்பலி நேரத்தைப் பற்றிப் பேசி முடித்தோம். பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். இரவு செபத்தின்போது சிறிது நேரம் அமைதியாக இருந்து, பின்பக்கக் கதவைத் தூக்கிப் பார்ப்போம். அங்கே எதை வைத்திருக்கிறோம்? யாருடைய பெயர் அங்கே கிடக்கிறது? எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிட வேண்டாம். நம்மால் முடியவும் முடியாது. ஒரே ஒரு பொருளை எடுத்து முன்னால் கொண்டுவருவோம், ஆண்டவரின் தோள் இருக்கும் இடத்துக்கு அருகில். நுகத்தின் மறுபக்கத்தில் இருப்பவர் அவர். அவருக்கு அருகில் வைத்த சுமையை அவர் இழுத்துச் செல்வார்.

செபிப்போமாக: சாந்தமும் மனத்தாழ்மையும் உள்ள இயேசுவே, நாங்கள் பின்னால் மறைத்துவைத்த சுமைகளை நீர் அறிவீர். அவற்றை உம் அருகே கொண்டுவரும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்களோடு பயணம் செய்யும் எங்கள் பிள்ளைகள் எங்கள் பழைய கோபங்களால் அலைக்கழிக்கப்படாமல் காத்தருளும். ஆமென்.