வீட்டுப் பெண்களின் தட்டில் இருக்க வேண்டிய அளவு

(மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் பகுதி ஜமாஅத்தினர் குடும்பத்துடன் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தியாகராய நகர்க் கடைத்தெருவில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினாலும், அதன் பின்புறத்தில் சத்துகளின் பட்டியலும் சில விழுக்காடுகளும் அச்சிடப்பட்டிருக்கும். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவரைப் பொது அளவாகக் கொண்டு கணக்கிட்டவை அவை. நம் வீட்டிலோ தகப்பனார், தாயார், கர்ப்பிணி மகள், பள்ளி செல்லும் பேரன் என்று பலர் உள்ளனர். அவரவர் தேவை வெவ்வேறு.

இந்தியர்களுக்கான அளவுகளை வகுத்தளிப்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் வேர் நம் தமிழ்நாட்டில் உள்ளது. 1918-ஆம் ஆண்டு குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. முதல் பரிந்துரை 1944-இல் வெளிவந்தது. பலமுறை திருத்தம் பெற்று, 2020-இல் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது.

அதில் இருவகை அளவுகள் உண்டு. சராசரித் தேவை என்பது மக்களில் பாதிப்பேருக்குப் போதுமானது. பரிந்துரை அளவு என்பது நூற்றுக்கு 97 பேருக்கு மேல் போதுமானது. ஆகவே ஒருநாள் சற்றுக் குறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை; பல நாள் உணவைச் சேர்த்தே பார்க்க வேண்டும். உப்பின் கணக்கு மட்டும் வேறு. நாளொன்றுக்கு 5 கிராம் என்பது நாம் எட்ட வேண்டிய இலக்கு அன்று. தாண்டக் கூடாத எல்லை.

இனி, நான் வலியுறுத்த வந்த செய்திக்கு வருகிறேன். உட்கார்ந்து பணிபுரியும் ஆணுக்கு 2,110 கலோரியும், பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவை. இரும்புச்சத்திலோ கணக்கு தலைகீழ். ஆணுக்கு 19 மில்லிகிராம். மாதவிலக்குக் காலத்துப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம். குறைவாக உண்டு, அதிகச் சத்தைப் பெற வேண்டிய நிலை அவளுடையது. நம் வீடுகளில் நடப்பது என்ன? சஹனில் கறித்துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சென்றபின், எஞ்சிய சோறும் குழம்பும்தான் அவளுக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளதாகக் கூறுகிறது. எல்லாச் சோகைக்கும் இரும்புக் குறைவே காரணம் அன்று. எனினும் அது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

செய்ய வேண்டியவை எளியவை. இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் நன்கு ஏற்கும். கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அவற்றின் இரும்பும் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். ஓயாத சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவிலேயே மாத்திரை உண்ண வேண்டும்.

சகோதரர்களே! இன்றிரவு உணவு பரிமாறும்போது, வீட்டுப் பெண்களின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அதுவே நம் ஜமாஅத்தின் நலனுக்கு நல்ல தொடக்கமாகும். வஸ்ஸலாம்.