மலிவுத் தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முப்பது வருடங்களுக்கு மேல் வரலாறு படிப்பித்தவள் என்பதால், வரலாறு ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். பாடசாலையின் வரலாற்றை என்னிலும் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் எங்கள் வரலாற்று ரீச்சர் ஒருநாள் வகுப்பில் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். "பிள்ளையள், 1773 இல பொஸ்டன் சனம் தேயிலையைக் கடலுக்குள்ள கொட்டினது விலை கூடினதாலயோ?" நாங்கள் ஒரே குரலில் "ஓம் ரீச்சர்" என்றோம். "இல்லை, விலை குறைஞ்சதால" என்றார். வகுப்பு வாயடைத்துப் போனது.

அந்தப் பதில் விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

1763 இல் பிரான்சுடனான ஏழாண்டு யுத்தம் முடிந்தபோது பிரித்தானியாவின் கடன் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. அந்த யுத்தத்தில் ஒரு பங்கு அமெரிக்கக் குடியேற்றங்களைக் காப்பதற்காக நடந்தது. ஆகவே அவர்களும் செலவில் பங்கெடுக்கட்டும் என்று இலண்டன் நினைத்தது. இதை முட்டாள்தனம் என்று நான் மாணவிகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. 1764 இல் சீனிக்கு வரி. 1765 இல் முத்திரைச் சட்டம்: பத்திரிகை, உறுதி, மரணசாசனம், விளையாட்டுச் சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். பேசத் தெரிந்த சட்டத்தரணிகளையும் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்களையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட சட்டம் அது. அந்த ஒக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூ யோர்க்கில் கூடினார்கள். பிரிந்துபோக வேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தங்களை மன்னரின் விசுவாசமான குடிகள் என்றே எழுதினார்கள். எங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபை எங்களிடம் வரி வாங்கலாமா என்பதுதான் அவர்களது முறைப்பாடு.

ஆங்கிலப் பொருட்களை வாங்காமல் விட்டார்கள். இலண்டன் வியாபாரிகளே நட்டப்பட்டுக் குரல் கொடுக்க, 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: குடியேற்றங்களுக்கு எந்த விடயத்திலும் சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்பது அதன் சாரம்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் விடுதிதான் எனக்கு ஞாபகம் வரும். எழுபதுகளின் சீனித் தட்டுப்பாட்டுக் காலம். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி தருவார்கள். ஒருநாள் அதுவும் நின்றது. மனு எழுதினோம். முதலில் கையெழுத்திட்டவள் யார் என்று தெரியாதபடி பெயர்களை வட்டமாக எழுதினோம். மூன்றாம் நாள் பனங்கட்டி வந்தது. மனுவுக்குப் பதில் வரவே இல்லை. பனங்கட்டி கிடைத்த பிறகும் எங்கள் கோபம் ஆறாததற்குக் காரணம் அன்று எங்களுக்கே தெரியவில்லை.

1767 இல் கண்ணாடி, கடதாசி, வர்ணம், ஈயம், தேயிலை ஆகியவற்றுக்குப் புதிய வரிகள் வந்தன. ஆங்கிலத் துணியைத் தவிர்ப்பதற்காகப் பெண்கள் கூட்டமாக இருந்து நூல் நூற்றார்கள். பொஸ்டனுக்குப் படை வந்தது. 1770 மார்ச் 5 இல் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் இறந்தனர். அந்த ஆண்டே தேயிலை வரி தவிர்ந்த மற்றவை நீக்கப்பட்டன. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் மட்டும் மிச்சம்.

1773 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் களஞ்சியங்களில் தேயிலை தேங்கிக் கிடந்தது. அதைக் கம்பனியே நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று சட்டம் வந்ததும் விலை இறங்கியது. மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவென்று வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குள் போயின. (நமது தேயிலை அல்ல, சீனத் தேயிலை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867 இல்.) அந்த மூன்று கப்பல்களில் ஒன்றான டார்ட்மவுத், பிலிஸ் வீட்லியின் கவிதைப் புத்தகத்தின் பிரதிகளையும் பொஸ்டனுக்குக் கொண்டுவந்திருந்தது. ஏழு வயதளவில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து விற்கப்பட்டவர் அவர். அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள்.

தண்டனையாக 1774 இல் பொஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது; மசாசூசெற்ஸ் சபையின் உரிமைகள் வெட்டப்பட்டன. அதுவரை பொஸ்டன்காரரைக் குழப்படிக்காரர் என்று நினைத்த மற்றவர்களுக்கும் பயம் பிடித்தது. செப்டெம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. ஒக்டோபரில் வட கரோலினாவின் ஈடன்டனில் 51 பெண்கள் அந்தப் பகிஷ்கரிப்பை ஆதரித்துத் தங்கள் சொந்தப் பெயர்களில் கையெழுத்திட்டார்கள். வட்டமாக அல்ல! இலண்டனில் அவர்களைக் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தார்கள்.

1775 ஏப்ரலில் இரத்தம் சிந்தியது. அதன் பிறகும் ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு ஒன்று போனது. குறை பாராளுமன்றத்தினதும் மந்திரிமாரினதும். மன்னர் தகப்பனைப்போல, அவருக்கு எட்டினால் தீர்ப்பார் என்ற நம்பிக்கை பலரிடம் இன்னும் இருந்தது. மூன்றாம் ஜோர்ஜ் மனுவை ஏற்கவே மறுத்து, அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். பலர் தேயிலையைத் திருப்புமுனை என்பார்கள். நான் இந்த வாசிக்கப்படாத மனுவைச் சொல்வேன். அடுத்த ஜனவரியில் தோமஸ் பெயினின் சிறுநூல் முடியாட்சியையே கேள்வி கேட்டது. சனம் அதை வாங்கி வாங்கி வாசித்தது. 1776 ஜூலைப் பிரகடனத்தில் பாராளுமன்றம் என்ற சொல்லே இல்லை. அடுக்கியிருக்கும் குறைகள் எல்லாம் மன்னர்மீதுதான்.

அந்தப் பிரகடனத்துக்கு மூன்று மாதங்கள் முன்பு அபிகெயில் அடம்ஸ், புதிய சட்டங்களில் பெண்களை மறக்கவேண்டாம் என்று கணவர் ஜோனுக்குக் கடிதம் எழுதினார். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்ததாக அவர் பதில் போட்டார். மசாசூசெற்ஸில் அடிமைகளாக இருந்தவர்களும் சுதந்திரம் என்ற அதே சொல்லை வைத்து 1773 இலிருந்து சபைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நியூ ஜேர்சியில் சொத்துள்ள தனிப்பெண்கள் வாக்களித்தார்கள். 1807 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்கு வர 1920 ஆனது. நமது அம்மம்மாமாருக்கு 1931 இல் கிடைத்துவிட்டது.

ரீச்சர் உயிரோடிருந்தால் இன்னும் கேள்வி கேட்பார். வெளியே தேநீர் ஆறுகிறது என்று செயலாளர் கைகாட்டுகிறார். சீனி போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.