வீட்டில் மின்சார வாள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பேசுவதற்கு ஒரு பொருள் தருமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டபோது, "தம்பி, உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்திலே நாம் படிப்பவற்றை இங்கே எடுத்துரைத்தால் கேட்பவருக்கும் களைப்பு, பேசுபவருக்கும் களைப்பு. ஆகவே எமது ஒழுங்கையில் நாமே கண்டு, கைகொண்டு பழகி, ஒரு நாள் இரத்தமும் பார்த்து அறிந்த ஒன்றையே எடுத்துக்கொண்டோம். அது மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாள். 'செயின் சோ' என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

நெல்லியடியிலும் அயலூர்களிலும் கொக்கத்தடி, ஏணி, அலவாங்கு, கோடாலி என்பன ஒரு வீட்டில் இருந்தால் பத்து வீட்டுக்கு உண்டு. படலையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இது நல்ல வழக்கமே. ஆனால் அதே வழக்கத்தில் இப்பொழுது மின்சார வாளும் வேலிக்கு மேலாலே கைமாறுகின்றது. கோடாலி மழுங்கினால் மரத்தை வெட்டாது, அவ்வளவே. வாள் மழுங்கினால் பிடித்தவரையே வெட்டப் பார்க்கும். பத்துப் பேர் கையில் திரியும் வாளுக்குச் சங்கிலி இறுக்குபவர் யார்? எண்ணெய் விடுபவர் யார்? ஒருவருமில்லை. நாம் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதுவே.

இக்கருவியின் பூர்வீகம் சிலருக்கு வியப்பாயிருக்கும். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்கொத்லாந்து வைத்தியர்களான ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்போர் பல் வைத்த சிறு சங்கிலியை எலும்பறுக்கப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு அது பின்னர்தான் வந்தது. ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926 இல் ஆக்கிய மின்சார வாள் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரமுடையது. இன்றைய வாளை ஒரு கையால் தூக்கலாம். அதுவே கேடு. ஒரு கையால் தூக்கக்கூடியதை ஒரு கையால் பிடித்து அறுக்கவும் மனம் வந்துவிடுகிறது.

2020 ஆம் ஆண்டு திசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது நாம் பாடசாலை மாணவர். எமது ஒழுங்கையை மறித்து ஒரு பூவரசு விழுந்து கிடந்தது. மழை விட்டு, மின்சாரமும் திரும்பிய பின், எமது சிறிய தந்தையார் இரவலாக ஒரு வாள் வாங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அறுத்த கொப்புகளை இழுத்துப் போடுவது எமக்கு விதித்த வேலை. ஒரு கிளையை அவர் அறுத்துக்கொண்டிருக்க, வாளலகின் நுனி அதற்குப் பின்னால் மறைந்திருந்த வேறொரு கொப்பில் முட்டியது. நாம் கண்டது அவ்வளவுதான். அடுத்த கணம் வாள் மேலே எழும்பித் திரும்ப, பிடி வழுகி, சங்கிலி அவருடைய இடது முன்கையில் இறங்கியிருந்தது. பெரியம்மா சால்வையைக் கிழித்துக் கட்டினார். ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். கை தப்பியது, ஆனால் இரண்டு விரல்களில் இன்றும் முழு உணர்ச்சி இல்லை. சட்டைக்குப் பொத்தான் பூட்ட அவருக்கு நேரம் எடுக்கும். வாளைத் தந்தவர் பல மாதம் எம்முடைய முகம் பார்க்கக் கூசினார். அவர்மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று பிற்பாடு தேடி அறிந்தோம். சங்கிலி வினாடிக்குப் பத்து மீற்றர் அளவில் ஓடுகின்றது. அலகு நுனியின் மேற்பக்கம் மரத்தில் பட்டால் பல் கடித்து மாட்டிக்கொள்ளும். ஓடிய வேகம் எங்கேயாவது போகவேண்டுமல்லவா? முழு வாளும் மேலும் பின்னுமாக, பிடித்தவரின் முகத்தை நோக்கி எறியப்படும். மனிதனுடைய கை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஆதலால் நுனியால் ஒருபோதும் அறுக்கலாகாது. நுனிக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்று பார்த்தே தொடங்கவேண்டும். வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில், பெருவிரல் பிடியைச் சுற்றி இருக்கவேண்டும். சிறிய தந்தையாரின் பெருவிரல் மற்ற விரல்களோடு மேலே கிடந்தது. இடக்கைக்காரருக்கும் இதே பிடிதான். வாளுக்கு நேரே குனியாமல் சற்று இடப்புறமாக நிற்கவேண்டும். தோளுக்கு மேலே வாள் போகக்கூடாது. ஏணியில் நின்று அறுப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. முன்பிடிக்கு முன்னால் உள்ள காப்பை முன்னே தள்ளினால் சங்கிலி நிற்கும். அந்தத் தடை நிற்கிறதா என்று வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரத்தைப் பற்றிப் பெரியோர்கள் மன்னிக்கவேண்டும். வாள் பிடிக்கும் வேளையில் சாரமும் சால்வையும் ஆகா. தடித்த காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பிள்ளைகளையும் ஆட்டையும் வளவின் மறுபக்கத்தில் விடுங்கள்.

விழுந்த மரத்தை அறுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரு முனையும் தாங்கி நடு அந்தரத்தில் நிற்கும் தடியின் மேற்பக்கம் நெருக்குண்டிருக்கும். மேலிருந்தே ஆழமாக அறுத்துக்கொண்டு போனால் அது வாளைக் கவ்விக்கொள்ளும். எனவே மேலே மூன்றிலொரு பங்கு அறுத்து, மிகுதியைக் கீழிருந்து அறுக்கவேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் முறை மாறும்: முதலில் கீழே, பின்னர் மேலே. மின்கம்பியில் சாய்ந்த கிளையை மட்டும் தொடவேண்டாம். மின்சாரப் பகுதியினர் வரட்டும்.

எமது வேலிகளுக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் நாம் அடித்த ஆணியையும் முட்கம்பியையும் வருடக்கணக்கில் விழுங்கி, மேலே பட்டை மூடி நிற்கின்றன. பழைய பனைகளின் உடலில் போர்க்காலத்துக் குண்டுச் சிதறல்கள் புதைந்திருப்பதும் உண்டு. பல் இரும்பில் பட்டால் சங்கிலி அறும். ஆகவே முதலில் கத்தியால் பட்டையைச் சீவி, தட்டிப் பார்த்து, ஐயமிருந்தால் அவ்விடத்தைக் கைவாளுக்கு விட்டுவிடுங்கள்.

இனி மின்சாரம். 2000 வாற்று வாள் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் குழியில் அதைச் செருகுவதும், கலியாண வீட்டுக்கு 'பல்ப்' கட்டிய மெல்லிய வயரில் ஓட்டுவதும் வயரையும் சுடும், மோட்டரையும் சுடும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், 30 மீற்றருக்குள் போதும். ஆனால் சுருளை முழுவதும் அவிழ்த்து விடவேண்டும், சுருட்டிய வயர் சூடேறும். வயர் முதுகுப்புறமாக வரட்டும். 'ட்ரிப் சுவிச்' இல்லாத வீட்டில் ஈர மண்ணில் நின்று இந்த வாளைத் தொடவேண்டாம். இருக்கும் வீட்டில் அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது சுவரலங்காரம்.

பராமரிப்பு என்றால் பலர் துடைத்து வைப்பது என்று நினைக்கிறார்கள். முதல் வேலை பிளக்கைக் குழியிலிருந்து கழற்றுவது. சுவிச்சை அணைத்தது போதாது. சங்கிலி குளிர்ந்திருக்கும்போது இறுக்கவேண்டும்: அலகின் கீழே தொங்கக்கூடாது, கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவேண்டும். வேலையின் சூட்டில் அது நீளும். அந்தச் சூட்டோடு இறுக்கி அப்படியே விட்டுவிட்டால் ஆறும்போது சுருங்கி அலகை நெருக்கும். எண்ணெய்த் தாங்கியை ஒவ்வொரு முறையும் பாருங்கள். எண்ணெய் வருகிறதா என்று அறிய, ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேலே தொடாமல் நுனியைப் பிடித்து ஓட்டினால் கோடு விழும். மோட்டர் வண்டியில் வடித்த கறுத்த எண்ணெயை விடுவோரைக் கண்டிருக்கிறோம். அதில் இரும்புத்தூள் இருக்கும், தோலுக்கும் ஆகாது. அன்றியும் எமது நிலம் சுண்ணக்கல்; வளவில் தெறித்தது கிணற்றுக்குப் போக வெகு நாள் செல்லாது.

பல் மழுங்கியதைச் சொல்ல வேறு யாரும் வேண்டாம். கூரான பல் சீவல் தள்ளும். மழுங்கிய பல் மாத்தூளாக அரைக்கும். பிறகு நாம் அமத்துவோம், அமத்தும்போதுதான் வழுகும். பனையின் வெளிவைரம் பல்லை விரைவில் தின்னும். அதன் தும்பு அலகின் தவாளிப்பிலும் பற்சில்லிலும் அடைத்துக்கொள்ளும். வீட்டு வாள்கள் பலவற்றுக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரம் பொருந்தும். புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள். பல்லில் கீறியுள்ள சரிவுக் கோட்டின்படி, உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. அலகையும் இடைக்கிடை தலைகீழாக மாற்றிப் பூட்டினால் ஒரு பக்கம் தேயாது. ஆயுதபூசையன்று வாளுக்குச் சந்தனம் வைப்பவர்கள் அதற்கு முன் இவ்வளவும் செய்தால் சரசுவதி கோபிக்கமாட்டாள்.

சட்டத்தையும் தொட்டுவிடுகிறோம். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கலாகாது. 2019 இல் சங்கிலி வாள்களைப் பதியுமாறு அரசு பணித்தது. வாங்குமுன் பிரதேச செயலகத்தில் கேட்டறிவது நல்லது.

இரவல் கொடுக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாளைக் கொடுப்பவர் கண்ணாடி, கையுறை, அரம், எண்ணெய், வயர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுக்கட்டும். கூடவே தாமும் போய் அரை மணித்தியாலம் பக்கத்தில் நிற்கட்டும். சிறிய தந்தையார் இப்பொழுது அப்படித்தான் செய்கிறார். இன்று எமக்குத் தந்துவிட்டதும் அவருடைய பெட்டிதான். வெளி விறாந்தையில் இருக்கிறது. மழுங்கிய சங்கிலி வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் எடுத்து வாருங்கள். இருட்டுமுன் நாலைந்து சங்கிலி தீட்டிவிடலாம்.