கொட்டப்பட்டு முகாமும் நமது கடமையும்

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கொட்டப்பட்டு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டு நோட்டுப் புத்தகமும் கல்விக் கட்டண உதவியும் கொடுக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் அறிவித்தோம். கூட்டம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எங்களிடம் வந்து, "யாழ்ப்பாணத்துல இருந்து நம்ம ஜனங்களைத் துரத்துனாங்களே, அதை மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். அவருக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புவது முறையாகாது. அதனால்தான் இன்றைய உரையை இதற்கென்றே வைத்துக்கொண்டோம்.

முதலில், அவர் சொன்னது உண்மை. அதை மறைத்துவிட்டு நாங்கள் பேச வரவில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று கிழக்கிலங்கை காத்தான்குடியில் இஷா தொழுகையில் நின்றவர்கள் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போக விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். அவர்கள் தாய்மொழியும் தமிழ்தான். 2002இல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் கூட்டத்தில் அது தவறு என்று புலிகள் தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் போன வீடும் போன ஆண்டுகளும் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் செய்தவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள். கொட்டப்பட்டில் இருப்பவர்களோ அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவே அகப்பட்டு, படகேறித் தப்பி வந்தவர்கள். இந்த வித்தியாசத்தை மறக்கடிப்பதுதான் போர் செய்கிற முதல் கெடுதல். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழரும், வேலைக்குப் போன தமிழரும் அதற்காகக் கொளுத்தப்பட்டார்கள். எவனோ செய்ததற்கு எவரோ பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் போரின் கணக்கு. காத்தான்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மவர்கள் மீது போடப்பட்டதும் அதே கணக்குத்தான். அதை நாமும் இங்கே உட்கார்ந்து போடலாமா?

ஆயுதம் ஏந்தியவர்களையாவது போர் நன்றாக வைத்ததா? புலிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூடப் படையில் சேர்த்தார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பு அதைத் தொடர்ந்து கண்டித்தது. இலங்கை இராணுவத்தில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் படையை விட்டு ஓடி ஒளிந்தார்கள். நம் நாட்டுப் படை 1987இல் சமாதானம் காக்கப் போனது. போன சில மாதத்திலேயே சண்டையில் இறங்கியது. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டதும் அந்தப் படையின் கையால்தான். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அனுப்பியவர்கள் வேறு, செத்தவர்கள் வேறு. ஆனால் அவமானம் வந்து சேர்ந்தது உயிரோடு திரும்பிய சிப்பாய்க்கு.

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஒரு ஆளை மட்டும் நோயாளி ஆக்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து நோயாளி ஆக்குகிறது என்று எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் நம்புவது நின்றுபோகிறது. நல்லது கெட்டதுக்குக் கூடுவது குறைகிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சண்டை முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்த தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. நம் வீட்டில் ஒரு மையித்து என்றால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்கம் செய்கிறோம். அழுது தீர்க்கிறோம். அதற்குக்கூட வழியில்லாத தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அரசியலையும் போர் விட்டுவைக்கவில்லை. ஒரு எதிரியைக் காட்டியே ஓட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு, அந்த எதிரி ஒழிந்ததும் இன்னொரு எதிரி தேவைப்பட்டது. போர் முடிந்த ஐந்தாம் ஆண்டில், 2014 ஜூனில், அளுத்கமவில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் எரிந்தன. கொரோனா காலத்தில் நம் மையித்துகளை அடக்கம் செய்ய விடாமல் ஏறக்குறைய ஓராண்டு எரித்தார்கள். இன்னொன்றையும் நாம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அவர்களின் தலைவன் அதே காத்தான்குடிக்காரன். அதற்காக அப்பாவி முஸ்லிம்களின் கடைகளை உடைத்தபோது, "அவன் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்?" என்று நம்மவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொட்டப்பட்டில் இருக்கும் தாயும் நம்மிடம் அதையே கேட்கலாம் அல்லவா?

நம் தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். செய்தவர்கள் புலிகள். சந்தேகப் பார்வை விழுந்தது முகாம்களில் இருந்த அத்தனை பேர் மீதும். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை கேட்க முடியும். 2004க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. ஆகவே நம் திருச்சியிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்யாணம் முடித்தவர்களுக்கும் எந்த நாடும் சொந்தமில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்களை விட்டுவிட்டார்கள் என்று நாம் வீதியில் நின்றோம். அந்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. அது நல்ல காரியம். ஆனாலும் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

நம் மார்க்கத்தின் முதல் அகதிகள் யார்? மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்குப் போன சஹாபாக்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த நஜ்ஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர். திருப்பி அனுப்பச் சொல்லி குறைஷிகள் காணிக்கையோடு ஆள் அனுப்பினார்கள். மன்னர் காணிக்கையைத் திருப்பிக் கொடுத்தார், அடைக்கலம் வந்தவர்களைக் கொடுக்கவில்லை. அந்த உபகாரத்தை இந்த உம்மத் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவற வைத்துவிடக் கூடாது என்று சூரா மாயிதா நமக்குக் கற்றுத்தருகிறது. வெறுப்புக்குக் காரணம் இருக்கும்போதுதான் அந்தக் கட்டளைக்கு வேலை வருகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஜகாத் நிதியை இதற்கு நாங்கள் தொடவில்லை. அது அதற்குரியவர்களுக்கே போகிறது. சதகா நிதியிலிருந்து மட்டும் இந்த உதவி. நம் மஹல்லாப் பிள்ளைகளின் பங்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. கணக்கு எப்போதும்போல் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறோம். அந்த முகாம் ஆண்களில் பலர் பெயிண்ட் அடித்தும் கூலி வேலை செய்தும் பிழைப்பவர்கள். நம் வீட்டு வேலைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். படிப்பு முடித்த பிள்ளைக்கு உங்கள் கடையிலோ கம்பெனியிலோ இடமிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கு எங்கள் நன்றி. யாழ்ப்பாணத்தை நாங்கள் மறக்கவில்லை. புத்தளத்தில் நம்மவர்கள் குடிசையில் கிடந்தபோது யாராவது வந்து கை கொடுக்க மாட்டார்களா என்று ஏங்கியிருப்பார்கள். அதை நினைத்துத்தான் கொட்டப்பட்டுக்குப் போகிறோம். முடிந்தால் அவரும் எங்களோடு வர வேண்டும் என்று அழைக்கிறோம்.

காத்தான்குடி ஷஹீதுகளுக்கும், எந்தப் பக்கமும் சேராமல் மாண்ட அத்தனை அப்பாவிகளின் குடும்பங்களுக்கும், வீடு இழந்து நிற்கும் எல்லா மக்களுக்கும் துஆச் செய்வோம். அல்லாஹ் நம் உள்ளங்களை நேராக்கி, நம் கொடைகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.